நாற்பத்தோராவது நாற்காலி

மார்ச் 4, செவ்வாய்

டிசம்பரில் தொடங்கிய கோடை விடுமுறைக்குப் பின் நாடாளுமன்றம் இன்று கூடியது. மாலை வகுப்புக்கு முன் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து நேரலை பார்த்தேன். ஃபுல்வியோ சராச்சோ புது நீலக் கோட்டில் வந்திருந்தான். தலைக்கு மை அடித்திருக்கிறான். வருகைப் பலகையில் அவன் பெயருக்கு எதிரே பச்சை விளக்கு. அவனுக்கு என்றைக்கும் பச்சைதான்.

யார் எத்தனை நாள் வந்தார்கள், எதற்கு எப்படி ஓட்டுப் போட்டார்கள், எத்தனை முறை பேசினார்கள் என்று கணக்கெடுத்து உறுப்பினர்களுக்கு மதிப்பெண் போடும் ஓர் அமைப்பில் என் மகள் யானினா வேலை பார்க்கிறாள். போன வருடம் முதலிடம் எதிர்க்கட்சி உறுப்பினர் சராச்சோவுக்கு. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. குடும்ப வாட்ஸப் குழுவில் அவளே படத்தைப் போட்டு, 'என் ஞானத்தகப்பன்' என்று கீழே ஒரு இதயமும் போட்டிருக்கிறாள்.

ஆமாம், அவளுக்கு ஞானஸ்நானத் தொட்டியில் கைகொடுத்தவன் அவன்தான். அந்த உறவில் அவனும் நானும் ஒருவரையொருவர் கும்பாதிரி என்று அழைத்துக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. பிறகு தேர்தல் வந்தது. கட்சியில் எனக்கென்று பேசி வைத்த வேட்பாளர் இடத்தில் தன் மச்சானை ஏற்றினான். எனக்குச் சொல்லக்கூட இல்லை. பத்திரிகையைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

தொண்ணூற்றெட்டா? பார்த்துவிடலாம்.

மார்ச் 9, ஞாயிறு

மூன்று வருட வாக்குப் பதிவுகளையும் இணையதளத்திலிருந்து இறக்கினேன். பாதிப் பக்கங்கள் கோணலாகப் படம் எடுக்கப்பட்டவை. கண் எரிகிறது. நான் தேடுவது ஒன்றே ஒன்று: அவன் ஆளுங்கட்சிக்கு ஆதரவாகப் போட்ட ஓட்டு. ஒரே ஒரு "ஆம்" கிடைத்தால் போதும்.

மார்ச் 15, சனி

இல்லை. ஒன்றுகூட இல்லை.

சர்ச்சையான மசோதா எல்லாவற்றிலும் "எதிர்ப்பு". அமைச்சர்களுக்கு எழுத்தில் கேட்ட கேள்விகளும் மற்றவர்களைவிட அதிகம். நல்ல கேள்விகள் வேறு. அதில் சில வாக்கியங்கள் மாணவர் சங்க நாட்களில் நான் அவனுக்கு எழுதிக்கொடுத்தவை. படித்ததும் நாற்காலியை உதைத்தேன். கால்விரல் வீங்கிவிட்டது.

மார்ச் 26, புதன்

லிப்ரதா வந்திருந்தாள். என் தங்கை, ஆற்றோரக் குடியிருப்பில் இருக்கிறாள். வெள்ளம் வரும்போதெல்லாம் பிள்ளைகளையும் தையல் மெஷினையும் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடி, வடிந்ததும் திரும்பிப் போகிறவள். அந்த நிலம் முழுவதையும் தானியத் துறைமுகம் கட்ட ஒரு கம்பெனிக்குக் கொடுக்கும் மசோதா அவைக்கு வந்துவிட்டது. ஜூன் முடிவதற்குள் சட்டம் வராவிட்டால் வேறு ஊரைப் பார்த்துக்கொள்வோம் என்று கம்பெனியின் மேலாளர் வானொலியில் மிரட்டினாராம்.

"பயப்படாதே அண்ணே, சராச்சோ டாக்டர் எங்க பக்கம்," என்றாள். "என் கையப் புடிச்சு சொன்னாரு. தனி ஆளா நின்னாலும் எதிர்த்துத்தான் ஓட்டுப் போடுவேன்னாரு."

"போடுவான். போட்டுட்டு?"

"போட்டுட்டுன்னா? எனக்குப் புரியல."

எனக்கும் புரியவில்லை. கோபத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன். அவள் போன பிறகும் அந்தக் கேள்வி மட்டும் போகவில்லை. போட்டுட்டு?

ஏப்ரல் 6, ஞாயிறு

கிடைத்துவிட்டது. மெதுவாக எழுதுகிறேன்.

இத்தனை நாள் அவன் எப்படி ஓட்டுப் போட்டான் என்று பார்த்தேன். இன்று, மொத்தம் எத்தனை பேர் அவையில் இருந்தார்கள் என்று பார்த்தேன். கூட்டம் செல்லுபடியாக நாற்பத்தொரு பேர் உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டும்; அந்தக் குறைந்தபட்ச எண்ணிக்கைதான் கோரம். ஆளுங்கட்சிக்கு அதற்கு மேல் ஆள் உண்டு. ஆனால் அவர்களுக்குள் கோஷ்டிச் சண்டை. ஜனாதிபதியைப் பிடிக்காத சிலர், எதிர்த்து ஓட்டுப் போடவும் துணிச்சல் இல்லாமல், முக்கியமான நாளில் காய்ச்சல் என்று வீட்டில் படுத்துக்கொள்வார்கள். மிச்சம் நாற்பது. எதிர்க்கட்சிக்காரர்கள் கோரத்தை உடைக்க எழுந்து வெளியே போய்விடுவார்கள். அவர்களுக்கு இருக்கும் ஒரே ஆயுதம் அதுதான்.

இவன் போகமாட்டான். உட்கார்ந்திருப்பான். கர்ஜிப்பான். "எதிர்ப்பு" என்று பொத்தானை அழுத்துவான்.

நாற்பதுக்கு ஒன்று. பத்திரிகைகள் கொண்டாடுமே, அந்த 'ஒற்றை ஓட்டு'. மின்கட்டணச் சட்டமும் அப்படித்தான் வந்தது. ஓய்வூதிய வெட்டும் அப்படித்தான். அதில் எனக்கு வரப்போகிற ஓய்வூதியமும் உண்டு. அந்த ஒன்று மட்டும் எழுந்து போயிருந்தால் ஓட்டெடுப்பே நடந்திருக்காது. எதிர்த்துப் போட்டவனை வைத்துத்தான் அத்தனையையும் நிறைவேற்றியிருக்கிறார்கள்.

ஊர் இவனைத் தூக்கி வைத்திருப்பதும் இதனால்தானே? வெளிநடப்பு செய்கிறவனைக் கண்டால் இங்கே யாருக்கும் ஆகாது. சம்பளம் வாங்கிக்கொண்டு ஓடுகிறான் என்பார்கள். 'நான் ஓடமாட்டேன்' — அவனுடைய தேர்தல் சுவரொட்டி. என் வீட்டுச் சுவரிலும் ஒட்டியிருந்தது. நான்தான் கிழித்தேன்.

ஏப்ரல் 16, புதன்

புனித வாரம். லிப்ரதா வீட்டில் சிபா ரொட்டி சுட்டோம். நான் மரவள்ளி மாவில் பாலாடைக்கட்டியைப் பிசைந்துகொண்டே யானினாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்பா, உள்ள உக்காந்திருந்தது தப்புன்னு எப்படி எழுதறது? காசு வாங்கினாரா?"

"தெரியாது."

"பதவி?"

"தெரியாது. தேடிட்டேன், கிடைக்கல."

"அப்ப உங்க கிட்ட இருக்கறது என்ன? பழைய கோபம்."

"நாற்பத்தொண்ணு இருக்கு. உன் மதிப்பெண்ல வெளிநடப்பு செஞ்சவனுக்கு ஆப்சென்ட். இவனுக்கு முழு மார்க். கோரத்தை உடைச்சவன் சோம்பேறி, காப்பாத்திக் கொடுத்தவன் வீரன். நல்லாருக்கு உங்க கணக்கு."

அவள் மாவுக் கையோடு எழுந்து வாசலுக்குப் போய்விட்டாள். லிப்ரதா என்னைப் பார்த்து, "அவ அழுதா நீ ஜெயிச்ச மாதிரியா?" என்றாள். சிபா கருகிவிட்டது. அதையே தின்றோம்.

ஏப்ரல் 29, செவ்வாய்

யானினா போன் செய்தாள். நான் சொன்ன கூட்டங்களை அவளே மறுபடி சரிபார்த்தாளாம். "சரியாத்தான் இருக்குப்பா." அடுத்த வாரம் போடுகிறார்கள். யாரையும் குற்றம் சொல்லாமல், ஒவ்வொரு மசோதாவுக்கும் எதிரே, 'உள்ளே இருந்தவர்கள் இத்தனை பேர். இவர்களில் எதிர்க்கட்சி யார்' என்று மட்டும். என் பெயர் வராது. வரக்கூடாது என்று நான்தான் சொன்னேன். வந்தால், பொறாமையில் எழுதினான் என்று முடித்துவிடுவார்கள்.

மே 6, செவ்வாய்

என் பெயரை அவனே சொல்லிவிட்டான். காலை வானொலியில்.

"இதுக்குப் பின்னாடி யாருன்னு எனக்குத் தெரியும். அனிசேத்தோ மரேக்கோ. படிச்சவரு, பாவம். சீட்டு கிடைக்காத ஏக்கத்துல இன்னும் தூக்கம் வரல அவருக்கு. கும்பாதிரி, கேக்கறீங்களா? ஒரு கிளாஸ் தெரெரே குடிச்சுட்டுப் படுங்க. நான் ஓடமாட்டேன்."

நிகழ்ச்சி நடத்துகிறவன் விழுந்து விழுந்து சிரித்தான். கல்லூரியில் தெரெரே, அந்தக் குளிர்ந்த மூலிகைத் தேநீர், ஒரே கோப்பையில் சுற்றி வந்தபோது கணக்கு வாத்தியார் கோப்பையை என்னிடம் நீட்டி, "குடிச்சுட்டுப் படுங்க கும்பாதிரி" என்றார். வாங்கிக் குடித்தேன். வேறென்ன செய்ய?

மே 7, புதன்

நிறுத்தமாட்டேன்.

மே 18, ஞாயிறு

லிப்ரதாவும் குடியிருப்புப் பெண்கள் சிலரும் சராச்சோ வீட்டுக்குப் போய் வந்தார்கள். ஞாயிறு மதியம், இறைச்சி சுடும் நேரம். அவளே வந்து சொன்னாள்.

அவன் எல்லோரையும் கட்டிப்பிடித்து, நாற்காலி போடச் சொன்னானாம். "என் ஓட்டு உங்களுக்குத்தான், கவலைப்படாதீங்க."

"ஓட்டு வேணாம் டாக்டர்," என்றிருக்கிறாள் இவள். "நீங்க எதிர்த்துப் போட வேணாம். அன்னிக்கு நீங்க உள்ள இல்லாம இருந்தாப் போதும்."

"என்னை ஓடச் சொல்றீங்களா?"

"எங்களை ஓட்டறதுக்கு முன்னாடி நீங்க ஓடுங்க. உங்களுக்கு வாசல் வரைக்கும்தான். நாங்க எங்க போறது?"

அவன் சிரித்தானாம். பிறகு, "இது உங்க அண்ணன் சொல்லிக் கொடுத்ததுதானே?" என்று கேட்டானாம்.

"நீ என்ன சொன்னே?" என்றேன்.

"ஆமான்னேன். பொய் சொல்லுவேனா? அதோட பேச்சு முடிஞ்சுது. இறைச்சி மட்டும் பொட்டலம் கட்டிக் கொடுத்தாரு."

அந்தப் பொட்டலம் என் மேசைமேல் இருந்தது. நான் தொடவில்லை. அவள் பிள்ளைகள் தின்றார்கள்.

ஜூன் 10, செவ்வாய்

துறைமுக மசோதா 24ஆம் தேதிக்கு வைக்கப்பட்டிருக்கிறது. ஜூனில் அதுதான் கடைசிக் கூட்டம். ஆளுங்கட்சியில் எத்தனை பேர் வருவார்கள் என்று தெரிந்தவர்கள் வழியாக விசாரித்தேன். எப்படிக் கூட்டினாலும் நாற்பதுதான் வருகிறது.

ஜூன் 22, ஞாயிறு

பெண்கள் எல்லோரும் பேருந்து பிடித்துத் தலைநகருக்குப் போகிறார்கள், பார்வையாளர் மாடத்தில் உட்கார. நானும் விடுப்புச் சொல்லிவிட்டேன். சட்டையைக்கூடத் தேய்த்து வைத்தேன்.

லிப்ரதா வந்து, "நீ வராதே" என்றாள்.

"என்னது? இதைக் கண்டுபிடிச்சதே நான்."

"யாரு இல்லேன்னா? ஆனா மாடத்துல உன் மூஞ்சியப் பாத்தா அவரு எந்திரிக்கவே மாட்டாரு. உனக்காகவே உக்காந்திருப்பாரு. உனக்கு அவரை அசிங்கப்படுத்தணும். எனக்கு வீடு வேணும். ரெண்டும் ஒரே நாள்ல நடக்காது அண்ணே."

கத்தினேன். எதையெதையோ சொன்னேன். மாணவர் சங்கம், தேர்தல், செத்துப்போன எங்கள் அப்பா வரைக்கும். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, வராதே" என்று மறுபடி சொன்னாள்.

சட்டையை மடித்து உள்ளே வைத்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

புனித யோவான் திருநாள். கல்லூரி வளாகத்தில் வழுக்குமரம் நட்டுப் பையன்கள் ஏறி விழுந்துகொண்டிருந்தார்கள். நான் ஆசிரியர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு நேரலை பார்த்தேன்.

எதிர்க்கட்சி வரிசை காலி. ஒருவன் மட்டும். பலகையில் 41.

முதலில் அவன்தான் பேசினான். நன்றாகப் பேசினான், அதை நான் மறுக்கமாட்டேன். ஆறு, மீன், ஏழைத் தாய்மார்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு முறை மாடத்தை அண்ணாந்து பார்த்தான். கைதட்டல் வரவில்லை. எங்கள் பெண்கள் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். "இந்தப் பெண்களுக்காகக் கடைசிவரை இங்கேயே இருப்பேன்" என்று அவன் சொன்ன இடத்தில் லிப்ரதா எழுந்தாள். கோஷம் இல்லை, ஒன்றும் இல்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். பின்னால் இன்னொருத்தி. பிறகு வரிசையாக எல்லோரும். காமிரா மாடத்துக்குத் திரும்பியபோது வெறும் பெஞ்சுகள்தான் இருந்தன.

அவன் தொடர்ந்து பேசினான். குரல் இறங்கிவிட்டது. அடுத்த வாக்கியத்தில் நின்றான். தண்ணீர் குடித்தான். மறுபடி மேலே பார்த்தான் — யாரும் இல்லாத இடத்தை. எதிரே நாற்பது பேர் போனை நோண்டிக்கொண்டிருந்தார்கள்.

போடா. போயேன்டா. எந்திரிச்சுப் போயேன் கும்பாதிரி. நான் வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும், கதவுக்கு வெளியே யாரோ "என்ன சார்?" என்றார்கள்.

ஒலிவாங்கியை அணைத்தான். கோட்டை எடுத்தான். நடந்தான்.

பலகையில் 40.

சபாநாயகர் மணியடித்தார். மறுபடி அடித்தார். யார் யாருக்கோ போன் போட்டார்கள். காய்ச்சல்காரர்கள் வரவில்லை. கோரம் இல்லை, கூட்டம் முடிந்தது.

ஏன் போனான்? மனசாட்சியா? கைதட்ட ஆள் இல்லாததாலா? வெளியே தெருவில் அந்தப் பெண்களுக்கு முன்னால் போய் நிற்கவா? எந்தப் பதிவிலும் இருக்காது. இருப்பது இவ்வளவுதான்: சராச்சோ, ஃபுல்வியோ — வரவில்லை.

ஜூன் 25, புதன்

வானொலி. "சட்டத்தை நிறுத்தினது நான். ஒத்த ஆளா எந்திரிச்சு வெளிய வந்தேன். ஓடறதுக்கும் தைரியம் வேணுங்க." நிகழ்ச்சி நடத்துகிறவன், "ஐயா நீங்க சிங்கம்" என்றான்.

யானினா அழைத்தாள். "விதிப்படி பாத்தா நேத்து அவருக்கு ஆப்சென்ட்டுப்பா. மார்க் குறையும். எங்க ஆபீஸ்ல காலையிலேருந்து இதுதான் சண்டை."

"நீ என்ன சொன்னே?"

"விதியை மாத்தணும்னு சொன்னேன்."

நல்ல பெண். அதை அவளிடம் சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை. இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜூலை 13, ஞாயிறு

கம்பெனி ஆற்றோரமாக இன்னும் கீழே வேறொரு ஊரில் நிலம் பார்த்துவிட்டது. இரண்டு பத்திரிகைகளில் வந்திருக்கிறது. அந்த ஊருக்கும் ஓர் உறுப்பினர் இருப்பான். அவன் பெயரைக் குறித்து வைத்தேன்.

இன்று லிப்ரதா வீட்டுக்குச் செங்கல் வந்தது. பலகைச் சுவரைப் பிரித்துவிட்டுக் கட்டப் போகிறாள். காலை முழுவதும் இறக்கினோம். மதியம் குடியிருப்புப் பெண்கள் நாலைந்து பேர் ஒரு தகரப் பலகையையும் பெயிண்ட் டப்பாவையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்கள். சந்துக்குப் பெயர் வைக்கிறார்களாம். பெயர் உள்ள சந்தைத்தான் நகராட்சி வரைபடத்தில் ஏற்றும், தண்ணீர்க் குழாய் கொடுக்கும். அதன் பிறகு யாரும் சுலபத்தில் பிடுங்க முடியாது.

"உங்க எழுத்துதான் அழகா இருக்கும் வாத்தியாரே."

"என்ன பேரு?"

ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். லிப்ரதா சாந்து குழைப்பதில் மும்முரமாக இருப்பதுபோல் குனிந்துகொண்டாள்.

"சராச்சோ டாக்டர் பேரு," என்றாள் ஒருத்தி. "அவரு பேரை வெச்சா நகராட்சியில சீக்கிரம் கையெழுத்து ஆகும். கோவிச்சுக்காதீங்க."

தூரிகையை எடுத்தேன், கீழே வைத்தேன். பிறகு பென்சிலால் கோடு போட்டேன். 'உறுப்பினர் ஃபுல்வியோ சராச்சோ சந்து'. எழுத்துகள் கோணாமல், இடைவெளி சரியாக, இரண்டு பூச்சு. மழைக்குப் போகக்கூடாது என்று ஓரங்களுக்கு மூன்றாவது பூச்சும் கொடுத்தேன்.

காய்ந்ததும் நானே ஏணியில் ஏறி ஆணி அடித்தேன்.