'தடு' என்ற பொத்தான்

அன்பு மாறாத உங்களுக்கு,

உங்கள் முட்டிவலி தேவலையா? பாப்பாவுக்கு இருமல் நின்றுவிட்டதா? நான் சுகமாகத்தான் இருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். வேலையில் சலவைத் தொட்டிக்குள் விழுந்து என் போன் பாழாகிவிட்டது. அதனால் விடுதிக் கம்ப்யூட்டரிலிருந்து கூப்பிட்டேன். கேமராவையும் மைக்கையும் அனுமதிக்கலாமா என்று அது கேட்டபோது, அவசரத்தில் 'தடு' என்பதை அழுத்தித் தொலைத்துவிட்டேன். உங்கள் இருவரையும் பார்த்தேன். பேசியதெல்லாம் கேட்டது. என் முகமும் குரலும்தான் உங்களுக்கு வரவில்லை.

"அம்மா ஏம்ப்பா பேச மாட்டேங்குறாங்க? என் மேல கோவமா?" என்று பாப்பா உங்களிடம் கேட்டாள்.

"இல்லடா கண்ணு, இல்ல" என்று இங்கே கத்தினேன். நீங்கள் லைன் சரியில்லை என்று அணைத்துவிட்டீர்கள்.

அப்புறம் ஒரு மணி நேரம் செட்டிங்ஸோடு மல்லுக்கட்டினேன். ஒரு ஜன்னலை மூடினால் இன்னொன்று திறந்தது. எதை மாற்றினாலும் பக்கத்தை மறுபடி திறக்கச் சொன்னது. திறந்தால் பழையபடியேதான் இருந்தது. வாட்ச்மேனும், "எனக்கும் இது புரியாதும்மா" என்று கையை விரித்துவிட்டார்.

பாப்பாவின் கம்ப்யூட்டர் டீச்சரிடம், எதற்குப் பிறகு எதை அழுத்த வேண்டும் என்று வரிசையாக எழுதி வாங்கி அனுப்புங்கள். அந்தத் தாளின் ஓரத்தில் பாப்பாவையும் ஏதாவது எழுதச் சொல்லுங்கள்.

வேலைக்குப் போகிற வண்டி வந்துவிட்டது. அவள் கேட்ட ஒவ்வொன்றுக்கும் அம்மா பதில் சொன்னாள் என்று மட்டும் அவளிடம் சொல்லிவிடுங்கள்.

உங்கள் மனைவி