அப்பா தவறவிட்ட ரயில்

அன்புச் சிட்டுவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். அப்பாவின் முழங்கால் மட்டும் வீட்டில் மூன்றாவது ஆள் மாதிரி, அதற்கென்று தனிக் கோபமும் தனிச் சமாதானமும் உண்டு, இந்த வாரம் சமாதானத்தில் இருக்கிறது. நீயும் தோள்வலி இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன், நம்பிக்கைதான், நிச்சயம் இல்லை, உன்னை எனக்குத் தெரியாதா. கடை ஒழுங்காக ஓடுகிறது. மழை பிடித்துக்கொண்டதால் இருமல் மருந்து அலமாரி நிரப்ப நிரப்பக் காலியாகிறது. அண்ணன் பேசினான், அண்ணிக்குப் பதவி உயர்வு வந்திருக்கிறதாம், நீ ஒரு வார்த்தை கூப்பிட்டு வாழ்த்திவிடு, கேட்டால் வேலை அதிகம் என்று சாக்குச் சொல்லாதே.

போனில் சொல்ல முடியாததைக் கடிதத்தில் எழுதியிருந்தாய், அதனால் நானும் எழுதுகிறேன், போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே நின்று காதை இங்கே வைத்துக்கொண்டு கண்ணைத் தொலைக்காட்சியில் வைத்திருப்பார். உங்கள் ஊரில் புதிதாக ஓடப்போகிற சுரங்க ரயிலுக்கு டிராம் ஓட்டுகிற சிலரை மாற்றுகிறார்கள், உன்னையும் கேட்டிருக்கிறார்கள், என்ன சொல்வது என்று தெரியவில்லை, நம் ஊரில் மெட்ரோ வந்துவிட்டதே, ஒரு தடவை போய்வந்து எப்படி இருக்கிறது என்று எழுது என்றாய். கடைசியில் இன்னொரு வரியும் எழுதியிருந்தாய். மெட்ரோ டிரைவர் என்றால் அப்பாவுக்கும் நாலு பேரிடம் சொல்லிக்கொள்ள நன்றாக இருக்கும் என்று. அந்த வரியைப் படித்துவிட்டுக் கடிதத்தை மடித்து அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன், அப்பா கண்ணில் படக்கூடாது என்று. மருந்துப் படிப்பு படித்த பெண் கடைக்கு வந்து உட்காருவாள் என்று அவர் நினைத்திருந்ததும், நீ டிராமுக்குப் போனதும், அதற்குப் பிறகு யார் கேட்டாலும் "போக்குவரத்து ஆபீஸ்ல இருக்கா" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவதும் உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மூன்று பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை.

சரி, நீ கேட்டாயே என்று ஞாயிற்றுக்கிழமை கடையை அடைத்துவிட்டு இருவரும் கிளம்பினோம். ஸ்டேஷன் நம் கடையிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான், இத்தனை வருஷம் தூசியைக் கிளப்பிக்கொண்டிருந்த அந்தப் பள்ளம் இப்போது பளபளவென்று கண்ணாடிக் கட்டடமாக நிற்கிறது. நகரும் படிக்கட்டின் முன்னால் அப்பா ஆற்றில் இறங்கப் போகிறவர் மாதிரி ஒரு காலை நீட்டுவதும் எடுப்பதுமாக நின்றார், பின்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது, நான் முதுகில் ஒரு தள்ளு தள்ளிய பிறகுதான் ஏறினார். உள்ளே நல்ல குளிர்ச்சி, வெளியே பெய்கிற மழையின் வாடையே இல்லை. வண்டி வந்து நிற்பதும் தெரியவில்லை, கிளம்புவதும் தெரியவில்லை, ஆட்டமே கிடையாது. உன் டிராம் அந்த ரொட்டிக்கடை மூலையில் திரும்பும்போது ஒரு கீச்சுச் சத்தம் போடுமே, பல் கூசும், அந்தத் தொல்லை இங்கே இல்லை. ஆனால் ஜன்னல் இருந்தும் பார்க்க ஒன்றுமில்லை, என் முகம்தான் எனக்குத் தெரிந்தது, அதை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். அண்ணன் ஊர் ரயில் தலைகீழ். அது ரோட்டுக்கு மேலே தூண் கட்டி ஓடுகிறது, மூன்றாம் மாடி வீடுகளையெல்லாம் உரசிக்கொண்டு போகிறது, அங்கே போயிருந்தபோது எந்த வீட்டில் இன்னும் துணி மடிக்கவில்லை, எந்த வீட்டில் புருஷன் பாத்திரம் கழுவுகிறான் என்று பார்த்துக்கொண்டே நான் இறங்கும் இடத்தை விட்டுவிட்டேன். உன் டிராம்தான் மனுஷர்களின் உயரத்தில் ஓடுகிறது. ஏறப் படி இறங்க வேண்டாம், தெருவிலிருந்து அப்படியே கால் வைக்கலாம். நாங்கள் உன் ஊருக்கு வந்திருந்த அன்றைக்கு ஒரு சரக்கு வேன்காரன் தண்டவாளத்தின் மேலே வண்டியை நிறுத்திவிட்டுப் போய்விட்டான், நீ இறங்கிக் கடை கடையாக எட்டிப் பார்த்து அவனைச் சலூன் நாற்காலியிலிருந்து பாதிச் சவரத்தோடு இழுத்து வந்தாயே, வண்டி முழுக்கச் சிரித்தது. சுரங்கத்தில் வழிமறிக்க ஆளும் இல்லை, சிரிக்க விஷயமும் இல்லை.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன், பதறாதே, எல்லாம் நல்லபடியாக முடிந்தது. நடுவில் ஒரு பெரிய ஸ்டேஷனில் வேறு பாதைக்கு மாற வேண்டும். வண்டி வந்து நின்றது, அப்பா பின்னாலேயே வருகிறார் என்று நினைத்து நான் ஏறிவிட்டேன். அவரோ சுவரில் இருந்த வரைபடத்தில் நம் கடை எங்கே இருக்கிறது என்று விரலால் தேடிக்கொண்டிருந்தார். மணி கீங் கீங் என்றது, கதவு மூடிக்கொண்டது. நான் உள்ளே, அவர் வெளியே, நடுவில் இரண்டு அடுக்குக் கண்ணாடி. நான் தட்டினேன், அவர் திரும்பிப் பார்த்தார், அந்த முகத்தை நான் எழுத மாட்டேன். அவருடைய போன் என் பையில், டிக்கெட்டும் என் பையில். அடுத்த ஸ்டேஷனில் இறங்கி எதிர்ப்பக்க வண்டி பிடித்துத் திரும்பி வந்தால் ஆளைக் காணோம். என்னைப் பிடிக்கிறேன் என்று அவர் அடுத்த வண்டியில் ஏறிப் போயிருக்கிறார், வழியில் எங்கோ பூமிக்கு அடியில் இருவரும் எதிரெதிராகப் போயிருக்கிறோம்.

பச்சைச் சட்டை போட்ட ஸ்டேஷன்காரப் பெண் ஒருத்தி என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். என்ன நிறத்தில் சட்டை போட்டிருந்தார் என்று கேட்டாள், காலையில் நானே தேய்த்துக் கொடுத்த சட்டை, சொல்லத் தெரியவில்லை. கையிலிருந்த வாக்கிடாக்கியில் அடுத்த ஸ்டேஷனைக் கூப்பிட்டு, அங்கே பெரியவர் யாராவது தனியாக நிற்கிறாரா என்று கேட்டாள். அங்கே வேலையிலிருந்த ஒரு பையனின் பதில் கரகரவென்று வந்தது, "நிக்கிறாரு. நின்னு எனக்கு கிளாஸ் எடுத்துட்டிருக்காரு." அவன் குரலுக்குப் பின்னால் அப்பாவின் குரலும் கேட்டது, சிட்டு, ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன். "என்னை உக்காரச் சொல்லாதீங்க தம்பி. என் பொண்ணு டிராம் ஓட்டுறா. கடைசி ஆள் ஏறியாச்சான்னு கண்ணாடியில பாக்காம அவ வண்டிய எடுக்க மாட்டா. ஓடி வர்றவங்களுக்காக நின்னு கூட்டிட்டுப் போவா. உங்க வண்டியில அதை யாரு பாக்குறது, அதைச் சொல்லுங்க."

பச்சைச் சட்டைக்காரி என்னைப் பார்த்து, உங்க பொண்ணு டிராம் ஓட்டுறாங்களா என்று கேட்டாள். நான் தலையை ஆட்டினேன். நாங்கள் அங்கே வந்திருந்தபோது உன் வண்டியில் அவர் கடைசி இருக்கையில் உம்மென்று உட்கார்ந்திருந்தாரே, கோபத்தில் வேடிக்கை பார்க்கிறார் என்றுதானே நீயும் நானும் நினைத்தோம். மனுஷர் உன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அந்தப் பையனே அவரை அழைத்து வந்து என் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டுப் போனான். வந்ததும் முதல் வார்த்தை, "நீ எதுக்கு இறங்கித் திரும்பி வந்தே, அங்கேயே நின்னிருக்க வேண்டியதுதானே" என்பதுதான். வாக்கிடாக்கியில் நான் கேட்டதை அவரிடம் சொல்லவில்லை. அந்தப் பையன் மட்டும் போகும்போது, இப்படித் தினமும் யாராவது பிரிந்துபோகிறார்கள் ஐயா, பெரும்பாலும் கணவன் மனைவிதான் என்றான். வீடு வரும்வரை அப்பா என் பையின் வாரைப் பிடித்துக்கொண்டே வந்தார். இத்தனை ஆன பிறகும் மெட்ரோ அவருக்குப் பிடித்துவிட்டது, அதுதான் வேடிக்கை. மொத்த மருந்துக் கடைக்கு இப்போது பஸ்ஸில் இடிபடாமல் அதில்தான் போய்வருகிறார், முழங்கால் சமாதானத்துக்கும் அதுவே காரணம்.

நேற்று கடைக்கு இன்ஷூரன்ஸ்காரர் வந்தார், பிரஷர் மாத்திரை வாங்க. உங்க பொண்ணு அந்த ஊர்லதானே ஆபீஸ்ல இருக்கா என்று வழக்கம்போல ஆரம்பித்தார். அப்பா மாத்திரை அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், "ஆபீஸ் இல்லீங்க. டிராம் ஓட்டுறா. நான் ஏறிப் போயிருக்கேன், பிரேக் போடுறதே தெரியாது" என்றார். இன்ஷூரன்ஸ்காரர் என்ன பதில் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. நான் உள்ளே போய், நேராக இருந்த இருமல் மருந்து பாட்டில்களை இன்னொரு தடவை நேராக்கிக்கொண்டிருந்தேன்.

ஆகவே என் யோசனை இதுதான். சுரங்கத்தில் மழை இல்லை, வெயில் இல்லை, வழிமறிக்கிற வேன்காரன் இல்லை, உன் தோளுக்கும் நல்லது, இதையெல்லாம் நான் மறைக்கவில்லை. ஆனால் நீ சின்ன வயசிலிருந்தே வாயை மூடிக்கொண்டு இருட்டில் உட்காரத் தெரியாதவள், அங்கே பேச்சுத் துணைக்கு யார் இருக்கிறார்கள் என்றும் கேட்டுக்கொள். உனக்குப் பிடித்திருந்தால் போ, பிடிக்காவிட்டால் டிராமிலேயே இரு, எதுவானாலும் எங்களுக்குச் சந்தோஷம்தான். அப்பா நாலு பேரிடம் சொல்லிக்கொள்வதற்காக மட்டும் எதையும் மாற்றாதே. அவர் சொல்லிக்கொள்ள ஆரம்பித்துவிட்டார், இனிமேல் நிறுத்துவதுதான் கஷ்டம் என்று நினைக்கிறேன்.

குளிர் வருவதற்குள் நல்ல கையுறை வாங்கிக்கொள், போன வருஷத்து ஓட்டைக் கையுறையைத் தைத்துப் போடாதே. தோளுக்குத் தைலம் அனுப்புகிறேன், தேய்த்துவிட்டுக் காற்றில் போகாதே. உன் கையும் கண்ணும் எப்போதும் நிதானமாக இருக்க வேண்டும், நீ ஏற்றிக்கொள்கிறவர்கள் எல்லோரும் பத்திரமாக இறங்க வேண்டும், நீ நிறைவாக வாழ வேண்டும், இதுதான் என் ஆசீர்வாதம். இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அப்பா வந்து யாருக்கு என்று கேட்டார், உனக்கு என்றேன். பிறகு, "வேலை எப்படிப் போகுதுன்னு நான் கேட்டதா எழுது" என்றார். எழுதிவிட்டேன். பதிலை அவர் பெயருக்கே அனுப்பு.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா