மூன்றாம் பக்கத்து வாக்கு

தெங்கேரா, மலாக்கா
18 பெப்ரவரி 1951

அன்புள்ள மகள் செசிலியாவுக்கு,

நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நீ அங்கே வேலூரில் தேக சுகத்தோடும் நர்ஸ் படிப்பில் ஊக்கத்தோடும் இருக்கக் கர்த்தர் கிருபை செய்வாராக. இங்கே உன் அம்மாவும் நானும் உன் தம்பி குலமும் உடம்பளவில் சுகம், அதற்குமேல் அந்தச் சொல்லை நீட்டி எழுத என் பேனா மறுக்கிறது. புது வருஷம் பிறந்ததிலிருந்து நான் உனக்கு எழுதிய கடிதங்களில் அம்மாவின் முழங்கால் வலியையும் மழையையும் தவிர வேறொன்றும் இல்லாததைக் கவனித்திருப்பாய். சபை விஷயம் எழுதினால், அப்பா இன்னும் கணேசலிங்கம் அங்கிளை விடவில்லையா என்று பதில் போடுவாய். போன வருஷம் போட்டாய், அதை நான் மறக்கவில்லை, மறக்கிற சுபாவம் எனக்கு இல்லை. ஆனால் இது என்னைத் தள்ளிவிட்டு அவர் சபைச் செயலாளர் நாற்காலியில் உட்கார்ந்த கதை இல்லை. உன் தம்பியின் உயிரைப் பற்றியது. கடைசிவரை படி.

ஆண்டுக்கடைசி ஆராதனையை இம்முறை ஊரடங்குக்குப் பயந்து மாலை நான்கு மணிக்கே வைத்தார்கள், வெயில் காயும்போதே பழைய வருஷத்தை அனுப்பிவைத்தோம். ரோடு சரியில்லை என்று போதகர் வரவில்லை, ஆகவே கணேசலிங்கமே நடத்தினார். பிரசங்கம் செய்ய ஆள் இருக்கிறது என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை. நேராக வாக்குத்தத்த அட்டைக்குப் போனார்கள். நீ இங்கிருந்தபோது அது ஒரு சின்ன வழக்கம், ஆளுக்கொரு அட்டை எடுத்து, அதிலுள்ள வசனத்தை அந்த வருஷத்துக்கு ஆண்டவர் தந்த வாக்காக வைத்துக்கொள்வோம், மற்ற நாட்களில் புத்தகத்தையும் படிப்போம். ஜப்பான்காரன் காலத்தில் புத்தகமே இல்லாமல் அதிகாரம் அதிகாரமாக மனப்பாடம் சொன்ன சனம் இது. இப்போது நான் வேத வகுப்பு நடத்திய சனிக்கிழமைகளில் செர்காம் கடற்கரைக்குப் போய் நண்டு சுட்டுத் தின்கிறார்கள், வருஷத்துக்கு ஒரு வரி போதுமென்று ஆகிவிட்டது. அட்டைகளை எழுதியது ஞாயிறு பள்ளிப் பெண்பிள்ளைகள். ஆறுதலான வரிகளாகப் பார்த்து எழுதுங்கள் என்று கணேசலிங்கம் சொல்லியிருக்கிறார். எந்த ஆகமம் எங்கே இருக்கிறது என்று அந்தப் பிள்ளைகளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள், புத்தகத்தை முதலிலிருந்து புரட்டிக் கண்ணில் பட்ட ஆறுதலை எல்லாம் எழுதிப் பிஸ்கட் டின்னில் போட்டுவிட்டார்கள். டின்னைக் குலுக்கி, முழுச் சபைக்குமென்று ஒரு அட்டையைக் கணேசலிங்கம் எடுத்து உரக்க வாசித்தார். நீங்கள் சாகமாட்டீர்கள் என்று இருந்தது.

பிறகு சபை முழுவதும் ஆமென் என்றது. காட்டுக்குள்ளிருக்கும் கம்யூனிஸ்டுகள் லாரிகளை ரோட்டில் எரிக்கிற, விடியலில் ரப்பர் பால் வெட்டப் போனவர்கள் பொழுது சாய்ந்தும் திரும்பாத காலத்தில், பயந்து பயந்து இளைத்த சனத்தின் அடிவயிற்றிலிருந்து வந்த ஆமென் அது. உன் அம்மா அழுதாள். நான் மட்டும் ஆமென் சொல்லவில்லை. அந்த வரி வேதத்தில் இருக்கிறது, செசிலியா, தேட வேண்டியதே இல்லை, மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. தோட்டத்தின் நடுமரத்துக் கனியைத் தின்றால் சாவீர்கள் என்று கடவுள் சொல்லியிருந்தார். இல்லை, நீங்கள் சாகமாட்டீர்கள் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னது பாம்பு. பாம்பின் வாய்ச்சொல்லுக்கு ஒரு கிறிஸ்தவ சபை எழுந்து நின்று ஆமென் சொன்னது.

நான் எழுந்து, இது யார் யாரிடம் சொன்னது என்று கேட்டேன். ஒருவர் இயேசு என்றார், ஒருவர் பவுல் என்றார், ஒரு அம்மாள் மோசேயாக இருக்கும் என்றார். கணேசலிங்கம் என்னை இரக்கத்தோடு பார்த்து, "மாஸ்டர், வேதத்திலை இருக்கிறதெல்லாம் ஆண்டவற்றை வார்த்தைதானே, பிறகென்ன கேள்வி" என்றார். அது பாம்பு சொன்னது என்றேன். பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "மாஸ்டருக்குப் பதவி போனதிலிருந்து பாக்கிற ஆளெல்லாம் பாம்பாத்தான் தெரியுது" என்றது. சபை சிரித்தது, உன் அம்மாவும் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள். அன்று உட்கார்ந்தவன்தான் நான். அடுத்த ஞாயிறு அந்த வரியைப் பீடத்துக்கு மேலே சுவரில் நீலப் பெயிண்டில் எழுதிவிட்டார்கள், வீட்டுக்கு வீடு அட்டை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதன்பிறகு நம் ஆட்களிடம் ஒரு மாற்றம் வந்திருக்கிறது, எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. எதையாவது கேட்டால் உடனே பதில் சொல்வதில்லை, சற்றுநேரம் பார்த்துச் சிரித்துவிட்டுப் பிறகு சொல்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே சிரிப்பு. பொழுது சாய்ந்ததும் இரண்டு தாழ்ப்பாளும் போட்டு, அதற்கும்மேல் பெஞ்சை இழுத்துக் கதவோடு வைத்த உன் அம்மா, இப்போது வாசல் கதவைச் சாத்தாமலே படுக்கப் போகிறாள். நான் போய்ச் சாத்துகிறேன், காலையில் பார்த்தால் திறந்திருக்கிறது. ஏன் என்று கேட்டால் அந்தச் சிரிப்புத்தான்.

பிச்சைமுத்துவை உனக்குத் தெரியும், பெம்பானுக்கு அப்பால் குலம் கணக்கெழுதும் சின்னக் கிராணியாக இருக்கிற ரப்பர் தோட்டத்தின் லாரி டிரைவர், நீ கப்பலேறின அன்று உன் பெட்டியைச் சுமந்து வந்தவன். பயந்தாங்கொள்ளி என்று எல்லோரும் கேலி செய்வார்கள், போலீஸ் வண்டி முன்னால் போகாமல் ஒருநாளும் லாரியை எடுத்ததில்லை. அந்தப் பயம்தான் இத்தனை காலம் அவனை உயிரோடு வைத்திருந்தது. போன மாசக் கடைசியில் ஒரு பகலில், போலீஸ் வண்டி தாமதம் என்றதும் தனியாகப் புறப்பட்டிருக்கிறான். பெரிய கிராணி தடுத்தபோது சட்டைப் பையைத் தட்டிக் காட்டி, "அதான் எழுதியே குடுத்துட்டாங்களே" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். ரப்பர் மரங்கள் ரோட்டை நெருக்குகிற வளைவில் சுட்டுவிட்டார்கள். அடையாளம் சொல்லவும் இங்கிலீஷில் எழுதிக் கொடுக்கவும் போலீசார் என்னைக் கூப்பிட்டார்கள். சட்டை முழுவதும் நனைந்து கறுத்திருந்தது. பையிலிருந்த அட்டையை ஒரு மலாய்க் கான்ஸ்டபிள் எடுத்து என்னிடம் கொடுத்தார். அதில் ரத்தம் ஒரு பொட்டுக்கூட இல்லை, மசி கலையவில்லை, எழுதின அன்று இருந்ததைவிடப் புதிதாக இருந்தது. அப்பாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நீ நினைக்கலாம். நான் கையில் பிடித்துப் பார்த்ததை எழுதுகிறேன்.

அடக்கத்தன்று ஒருவரும் அழவில்லை. சகோதரர் அட்டையை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போயிருந்தார் என்று கணேசலிங்கம் குழியண்டை நின்று சொன்னார். அது பையில்தான் இருந்தது என்று முதல்நாளே அவர் கண்ணைப் பார்த்து நான் சொல்லியிருந்தேன். சபை தலையாட்டியது. அந்த வாரமே, இனி யாரும் மறக்காதபடி அட்டையை உடுப்போடு சேர்த்துத் தைக்கத் தொடங்கிவிட்டார்கள். நம் தெருவில் மளிகைக்கடை வைத்திருக்கிற அப்புசாமி இருக்கிறாரே, அவருக்கு விஷயம் எட்டிவிட்டது. சீனி நிறுத்துக்கொண்டே, "என்னா மாஸ்டர், எங்க பொம்பளைங்க தாயத்து கட்டுனா சிரிப்பீங்க, இப்ப நீங்களே சட்டையில வச்சுத் தைக்கிறீங்களாமே, நம்ம கோயில்ல குடுத்தா வெள்ளித் தகட்டுல அடைச்சுத் தருவாங்களே, மழையில நனையாது" என்றார். சீனியை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அந்த அட்டையைப் பிச்சைமுத்துவின் மனைவி குஞ்சம்மாவிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். கம்பிவேலிக்குள் இருக்கிற தொழிலாளர் லயத்தில், கொடியில் அவன் சட்டை துவைத்துக் காய்ந்துகொண்டிருந்தது, ஓட்டையை நுணுக்கமாகத் தைத்து அடைத்திருந்தாள். உள்ளே இரண்டு தட்டில் சோறு போட்டிருந்தது, இரண்டாவது தட்டின் முன்னால் யாரும் இல்லை. நான் அட்டையை நீட்டி, இது அவன் பையில் இருந்தது, உங்களிடம் சொன்னது பொய் என்றேன். அவள் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "தெரியுங்கய்யா, நாந்தானே பையில வச்சேன்" என்றாள். அவள் என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டு, குரலைக்கூட உயர்த்தாமல், "எல்லாரும் அவரு சாகலங்கறாங்க, நீங்க மட்டும் ஏங்கய்யா அவரைச் சாகடிக்கிறீங்க" என்று கேட்டாள்.

இனி உன் தம்பிக்கு வருகிறேன். பிச்சைமுத்துவின் லாரியைப் பழுதுபார்த்து இப்போது குலம்தான் ஓட்டுகிறான், கிராணி வேலையோடு அதுவும். வருகிற ஈஸ்டர் அன்று விடியுமுன்னே, சபையின் வாலிபர்களை அந்த லாரியில் ஏற்றிக்கொண்டு தோட்டத்தின் காட்டோரத்து உள் டிவிஷனுக்குப் போய் உயிர்த்தெழுதல் ஆராதனை நடத்தப் போகிறார்களாம், அதே வளைவின் வழியாக, ஊரடங்கு எடுபடுமுன்னே. காவலுக்கு ஆள் தரமுடியாது, போகாதீர்கள் என்று போலீசார் சொல்லிவிட்டார்கள். காவல் தேவையில்லை என்று கணேசலிங்கம் சொல்லிவிட்டார், அவர் லாரியில் ஏறப்போவதில்லை, அவருக்கு ஆஸ்துமா. போன ஞாயிறு மத்தியானம் குலம் சாப்பிட வந்தபோது, இரண்டு வருஷமாக எங்களுக்குள் பேசித் தீராததையெல்லாம் விட்டுவிட்டு, வேதத்தைத் திறந்து அந்தப் பக்கத்தை அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். தெரியாமல் நம்புகிறார்கள், தெரிந்தால் விட்டுவிடுவார்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன், வாத்தியார் புத்தி அப்படித்தான் நினைக்கும். அவன் பக்கத்தைத் தொடவேயில்லை. "பாம்புதான் சொன்னுச்சு, தெரியும்ப்பா" என்றான். பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டே, "தின்ன அன்னிக்கே அவங்க செத்தாங்களா? புள்ள பெத்து, பேரன் பாத்து, எவ்வளவு காலம் இருந்தாங்க. அப்ப யாரு சொன்னது நடந்துச்சு?" என்று கேட்டான். கேலியாகக் கேட்கவில்லை. அன்பாகக் கேட்டான், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அதற்குப் பதில் எனக்குத் தெரியும், நூறு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த பதில். இதை எங்கே படித்தாய், யார் சொல்லித் தந்தது என்று மட்டும் கேட்டேன். அவன் கொஞ்சநேரம் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "படிக்கலப்பா, யாரும் சொல்லல. அந்த வளைவுல லாரி ஓட்டிக்கிட்டு வரப்ப தானா தோணுச்சு" என்றான்.

செசிலியா, அவன் உன் சொல்லைக் கேட்பான். குண்டு போட்ட நாட்களில் அவன் என்னிடம் ஓடிவரவில்லை, உன் மடியில்தான் முகத்தை வைத்துக்கொண்டான். இந்தக் கடிதம் கிடைத்ததும் அவனுக்குத் தந்தி கொடு, நான் லீவில் வரும்வரை அந்த லாரியில் ஏறமாட்டேன் என்று எனக்கு வாக்குக் கொடு என்று கேள். நியாயம் பேசாதே, நியாயத்துக்கு அவனிடம் இப்போது பதில் இருக்கிறது. பயமாயிருக்கிறது என்று மட்டும் எழுது. உன் தந்தி வராவிட்டால் எனக்கு இன்னொரு வழி தெரியும், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த லாரியில் காட்டுக்குள் இருப்பவர்களுக்கு அரிசி போகிறது என்று போலீசுக்கு ஒரு மொட்டைக் கடிதம் எழுதிப் போட்டால் போதும், ஈஸ்டர் அன்று லாரி நகராது. இந்த நாட்டில் இப்போது அப்படிப்பட்ட கடிதத்துக்குத்தான் மதிப்பு, ஒரு வரியில் ஆளைக் கொண்டுபோய்க் கம்பிக்குள் வைக்கிறார்கள், சிலரைக் கப்பலேற்றியும் அனுப்பிவிட்டார்கள். அவன் உள்ளே இருப்பான், என்னை ஆயுளுக்கும் சபிப்பான், உயிரோடு இருப்பான். அந்தக் கடிதத்தை எழுது, அவன் சாகமாட்டான் என்று எனக்குள் ஒன்று சொல்லிக்கொண்டேயிருக்கிறது. அது யாருடைய குரல் என்று கேட்க எனக்குப் பயமாயிருக்கிறது.

அம்மா இந்த மாதம் தைத்து அனுப்பின நீல இரவிக்கையின் கழுத்துப் பட்டியைப் பிரித்துப் பார். உள்ளே இருப்பதைக் கிழித்துப் போடு, அம்மாவுக்கு எழுதாதே. தினமும் வார்டில் சாகிறவர்களின் கையைப் பிடித்திருக்கிறவள் நீ, சாவு உண்டு என்று தெரிந்த ஒருத்தியாவது நம் வீட்டில் மிஞ்சட்டும். தண்ணீரைக் காய்ச்சிக் குடி. மத்தியானத்தில் பட்டினி கிடக்காதே. ஒரு வசனம் படித்தால் அதற்கு முன்னால் ஒரு பக்கமும் பின்னால் ஒரு பக்கமும் படி. தந்தியை மறந்துவிடாதே, ஈஸ்டர் மார்ச் இருபத்தைந்து. நீ நடக்கும் வழியெல்லாம் காவலுள்ளதாக இருக்கட்டும், நல்ல பயம் உன்னைவிட்டு ஒருநாளும் நீங்காதிருக்கட்டும்.

வழக்கமாக இந்த இடத்தில் உன் அன்புள்ள அப்பா என்று எழுதி, கீழே முழுப் பெயரையும் பட்டத்தையும் போடுவேன், நீ சிரிப்பாய். என் பெயரோடு நான் சொன்ன எதையும் சபை கேட்கவில்லை, உன் அம்மா கேட்கவில்லை, என் மகன் கேட்கவில்லை, நீயும் அந்தப் பெயரைக் கண்டதும் பழைய புலம்பல் என்று மடித்து வைத்துவிடுவாய். சொன்னது யார் என்று கேளுங்கள் என்று இருபது வருஷம் தொண்டை கிழியக் கத்தியவன் நான். இவர்களோ, யாருடையது என்று தெரியாத சொல்லைத்தான் நம்புகிறார்கள். உறையின் பின்புறத்திலும் ஒன்றும் எழுதவில்லை. கையெழுத்துப் போடாமலே இதைத் தபாலில் சேர்க்கப் போகிறேன்.