பழைய கொக்கியில் மாட்டிய தண்ணீர்ப் பை

அன்புள்ள மஸ்ஊதா,

நீ நலமா? உன் அம்மாவுக்கு என் சலாம் சொல். அவர் முட்டிவலி குறைந்ததா? நான் சுகமாகத் தமன்ராசெத் வந்து சேர்ந்தேன்.

முப்பது வருடம் மணலில் கிடந்த ஹாஜி பஹூஸின் லாரியை ஒருவழியாக ஓட வைத்துவிட்டோம். பாலைவனத்தில் பாதி வழியில் அது நின்றுபோனது. பெட்ரோல் குழாயில் துரு அடைத்திருந்தது. கழற்றி வாயால் ஊதினேன், கொஞ்சம் சிந்தியது. ஹாஜி சாவியைத் திருப்பினார். குப்பென்று தீப்பிடித்தது.

கசியும் ஆட்டுத்தோல் தண்ணீர்ப் பையை வழக்கம்போல் லாரியின் பழைய கொக்கியில் மாட்டியிருந்தோம். அதற்கு நேர் கீழே புது பேட்டரியை வைத்தவன் நான்தான். ஒயரெல்லாம் நனைந்து, பொறி பறந்து, சிந்திய பெட்ரோல் பற்றிக்கொண்டது.

"தண்ணிய ஊத்தாதடா, மண்ண அள்ளிப் போடு!" என்று ஹாஜி கத்தினார். அணைந்ததும், "டீ போட அடுப்பு மூட்டச் சொன்னேனா ஒன்ன?" என்று சிரித்தார்.

பேட்டரியை இடம் மாற்றிவிட்டேன். ஆனாலும் சாவி திரும்பும்போதெல்லாம் உயிர் போய் வருகிறது. நாளை அதே வழியில் திரும்புகிறோம்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் சலீமிடம் மெல்லிய பருத்தித் துணியும் ஒரு புட்டி தேனும் கொடுத்தனுப்பு, வழியில் எங்களைச் சந்திப்பான். தேன் டீக்குத்தான். ஹாஜி கூப்பிடுகிறார், முடிக்கிறேன்.

உன்
லக்தர்

எழுத்து கோணலாக இருக்கிறதே என்று யோசிக்காதே. சும்மா இடது கையால் எழுதிப் பழகுகிறேன்.