அழிச்சும் போகாத வேலை

ஸஜானாவின்ரை வாப்பாவுக்கு,

சோறும் மீனாணமும் மூடி வைச்சிருக்கிறன். ஸஜானாவின்ரை ஸ்கூல் வான் ஒண்டரைக்கு வரும், கேற்றடியிலை நில்லுங்கோ. நான் சாவகச்சேரிக்குப் போறன். வெப்சைட் செய்யிற இடமொண்டிலை வேலைக்கு நேர்முகம்.

"உது உனக்கு என்னத்துக்கு" எண்டு முந்தநாள் லப்டொப்பிலை இருந்த எல்லாத்தையும் அழிச்சீங்கள். நான் ஆறு மாசமாப் படிச்சுச் செய்ததும் போச்சுதெண்டு நினைச்சிருப்பீங்கள். போகேல்லை. அது லப்டொப்புக்குள்ளை இருக்கிறேல்லை, இன்ரநெற்றிலைதான் இருக்கு. பிரவுசரைத் திறந்து என்ரை பேரிலை உள்ளுக்குப் போனால், எந்த லப்டொப்பிலையும் விட்ட இடத்திலையே நிக்கும். நேற்று தங்கச்சி வீட்டிலை திறந்து பாத்தன், ஒரு வரியும் குறையேல்லை. உங்களுக்குச் சொல்லத்தான் மனம் வரேல்லை.

உங்கடை தையல் கடைக்கும் ஒரு வெப் பக்கம் செய்தனான். லப்டொப்பிலை திறந்தபடி மேசையிலை கிடக்கு. இடப்பக்கத்திலை எழுதினால் வலப்பக்கத்திலை உடனை மாறும். கடை திறக்கிற நேரம் பிழையெண்டால் திருத்துங்கோ. பயப்பிடாதேங்கோ, ஒண்டும் உடையாது.

பஸீனா

பி.கு: வீட்டிலை சம்மதமோ எண்டு கட்டாயம் கேப்பினம். நேர்முகம் ரெண்டு மணிக்கு. அதுக்கு முன்னம் ஒருக்கா போனிலை கோல் எடுங்கோ. எடுக்காட்டிலும் ஓம் எண்டுதான் சொல்லுவன்.