கண்ணாடிக் குழாயும் 611 மேற்கோள்களும்

தைனான், மார்ச் 4, 2024

என் 2015 கட்டுரையை மற்ற ஆய்வாளர்கள் மேற்கோள் காட்டிய எண்ணிக்கை 611. ஆதாரம்: பல்கலைக்கழக நூலகத்தின் மாத அறிக்கை, காலை ஒன்பதரைக்கு வந்தது. என் எல்லாக் கட்டுரைகளுக்கும் சேர்த்து 1,043. பாதிக்கு மேல் அந்த ஒன்றுதான். முழுப் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பித்தாயிற்று. குழு ஜூன் 14 கூடுகிறது. மூன்றாம் முயற்சி. ஐம்பத்து நான்கு வயதில் நான்காவது இருக்காது.

மார்ச் 7

பூசானிலிருந்து பியோன் என்றொரு ஆய்வாளரின் கடிதம். கொலிஸ்டின், வேறெதுவும் பலிக்காதபோது கொடுக்கும் மருந்து. அதற்கும் அடங்காத கிருமிகள் நான்கே ஆண்டில் 9 சதவீதத்திலிருந்து 31 ஆயின என்று நான் எழுதியதை நம்பி அவரும் தேடினாராம். அங்கே வரைபடத்தில் கோடு ஏறவில்லை. நான்கு ஆண்டும் ஒரே வகைப் பாத்திரத்தில்தான் சோதித்தீர்களா என்று கேட்கிறார்.

எரிச்சலாக வந்தது. பதில் போடவில்லை.

மார்ச் 8

ஒரே வகையா? நினைவில்லையே.

மார்ச் 11

கொலிஸ்டின் பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொள்ளும். கிருமிக்குக் குறைவாகப் போகும், கிருமி பிழைக்கும், மருந்துக்கு அடங்கவில்லை என்று நாம் எழுதுவோம். கண்ணாடியில் அந்த அளவு இல்லை. அன்று எங்களுக்கு இது தெரியாது.

இருபத்தாறு ஆண்டாக எங்கள் ஆய்வகத்தில் இருக்கும் லியாவ் அக்காவிடம் கேட்டேன். "முதல்ல கண்ணாடிக் குழாய்தான் டாக்டர். கழுவுன கைக்கு மறக்குமா? அப்புறம் கிருமியைச் சோதிக்கிற அந்த மெஷின் வந்துச்சு, கூடவே பிளாஸ்டிக் தட்டு வந்துச்சு. என் கை பொழச்சுது."

எப்போது வந்தது? பத்தாண்டு கடந்த குறிப்பேடுகளைப் போன வருடம் அழித்துவிட்டார்கள்.

மார்ச் 12

பச்சைப் பொட்டலம் ஒன்றைத் தலையில் வைக்காமல் எந்த மெஷினும் ஓடாது என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. தேங்காய் மணக்கும் பொரி. 'சமர்த்தாக இரு' என்பதுதான் அதன் பெயர். காலாவதியாகுமுன் மாற்றவேண்டும், இல்லையென்றால் மக்கர் செய்யும். லியாவ் அக்கா முதல் பொட்டலத்தின் உறையை மட்டும் எறிவதில்லையாம். மடித்து மெஷினின் முதுகில் ஒட்டிவிடுவாராம். இருவருமாக இழுத்துத் திருப்பினோம். அவர் கையெழுத்தில்: "2012 மார்ச் 6. இன்று வந்தது."

என் வரைபடத்தில் கோடு ஏறத் தொடங்குவது 2012 ஏப்ரல்.

மெஷின் சமர்த்தாகத்தான் இருந்திருக்கிறது.

மார்ச் 13

உறை ஒரு தேதிதான், சான்று அல்ல. அந்த நான்கு ஆண்டின் கிருமிகளில் 214 இன்னும் உறைகுளிர்ப் பெட்டியில் உயிரோடு இருக்கின்றன. அத்தனையையும் இரண்டு பாத்திரத்திலும் சோதிப்பது. நாளை தொடக்கம்.

ஏப்ரல் 19

மும்முறை செய்தோம். கண்ணாடியில்: மெஷினுக்கு முந்தையவை 9 சதவீதம், பிந்தையவை 10. பிளாஸ்டிக்கில்: 30, 31.

கோடு ஏறவேயில்லை. நாங்கள் பாத்திரத்தை மாற்றினோம், அவ்வளவுதான்.

2016 முதல் மருத்துவமனையின் மருந்துப் பட்டியல் கொலிஸ்டினை ஓரங்கட்டி வைத்திருக்கிறது. அடிக்குறிப்பில் காரணம்: என் கட்டுரை. எத்தனை பேருக்குக் கிடைக்காமல் போயிற்று? அந்த எண் என்னிடம் இல்லை. எந்த நூலகமும் அனுப்பாது.

ஏப்ரல் 22

துறைத் தலைவர் சியாவ் மதியம் பால்மீன் கஞ்சி வாங்கிக் கொடுத்தார். முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து ஓரத்தில் வைத்தார். பிறகு, அன்றைக்கு எல்லோரும் அப்படித்தானே செய்தார்கள் என்றார்.

"ஜூன் பதினாலு தாண்டட்டும் வெங். அப்புறம் உன் இஷ்டம்."

"வார்டுல இருக்கறவங்க ஜூன் வரைக்கும் பொறுத்துப்பாங்களா சார்?"

கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். "அந்தக் கட்டுரையில கடைசிப் பேரு யாரோடதுன்னு ஞாபகம் இருக்கில்ல?"

இருக்கிறது. அவருடையது. ஆய்வுக்குப் பொறுப்பானவர் பெயர்தான் கடைசியில் வரும்.

ஏப்ரல் 23

அனுப்பிவிட்டேன். கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதம் இதழுக்கு. மருந்துப் பட்டியல் குழுவுக்கும் பதவி உயர்வுக் குழுவுக்கும் நகல். பியோனுக்குப் பதில், ஆறு வாரத் தாமதத்துக்கு மன்னிப்போடு. சியாவ் கையெழுத்திடவில்லை. இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும் என்று இதழ் சொல்லும். சொல்லட்டும்.

மே 9

சொல்லிவிட்டது.

ஜூன் 7

மேஜையில் திரும்பப் பெறும் கடிதம், சியாவ் கையெழுத்தோடு. பறக்காமலிருக்க, மேலே படகுப் பண்டிகைக்கு அவர் வீட்டில் கட்டிய மூங்கிலிலைக் கொழுக்கட்டை இரண்டு. ஆளைக் காணோம்.

ஜூன் 14

பதவி உயர்வுக் குழு 1,043-இல் 611-ஐக் கழித்தது. மீதி 432. போதாது.

ஆய்வகத்துக்குத் திரும்பி லியாவ் அக்காவிடம் சொன்னேன். "கழிச்சாச்சா? சரி, வாங்க. குழாய் கழுவணும்."

கழுவினேன். தொண்ணூற்றாறு.

ஜூலை 1

மேற்கோள் 634. ஆதாரம்: அதே நூலகம். கட்டுரை திரும்பப் பெறப்பட்ட அறிவிப்பு ஜூன் 24-இல் வெளியாயிற்று. அதற்குப் பிறகும் மூன்று கூடியிருக்கிறது. இரண்டு பேர் அறிவிப்பைப் பார்க்காமல் சேர்த்திருக்கிறார்கள், இருவருக்கும் இன்று எழுதிவிட்டேன். மூன்றாவது அந்த அறிவிப்பேதான், என் பெயரில்.

மருந்துப் பட்டியல் குழு ஜூலை 18, வியாழன், பிற்பகல் இரண்டு மணிக்குக் கூடுகிறது. அடிக்குறிப்பை நீக்குவது ஐந்தாவது பொருள். முடிவு அன்றே தெரியும் என்கிறார் செயலர்.