இயன்றவரை தண்ணீர்

பாய்,

நேற்று சிம்மக்கல் சிக்னலில் என் பஸ்ஸுக்குப் பக்கத்தில் ஓர் ஆட்டு லாரி வந்து நின்றது. புழுக்கையும் மூத்திரமும் வெயிலில் வெந்த வாடை ஜன்னல் வழியே ஏறியது. முன்பெல்லாம் மூக்கைப் பொத்திக்கொள்வேன். இப்போது எழுந்து நின்று, உள்ளே தண்ணீர் வைத்திருக்கிறார்களா என்று எட்டிப் பார்க்கிறேன். வைத்திருக்கவில்லை. பக்கத்து சீட்டுப் பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். உங்களால் என்னைப் பிடித்த வியாதி இது.

நாம் அறிமுகமானதே சண்டையில்தான். ஆனையூரில் தமிழாசிரியையாக இருந்த நானும் இன்னும் நாலைந்து பேரும், ஆட்டு லாரிகள் வந்து இறக்கும் தெருவில், ஆடுகளை வதைக்காதீர்கள் என்று அட்டை பிடித்துக்கொண்டு நின்றோம். எதிரே உங்கள் கறிக்கடை. கையைத் துடைத்தபடி வந்து கேட்டீர்கள்: "டீச்சரம்மா, கடையை மூடச் சொல்லி நிக்கிறீங்களா, லாரிக்காரனைக் கேக்க நிக்கிறீங்களா? ரெண்டாவதுன்னா நானும் வாரேன்."

அறுக்கும் முன் ஆட்டுக்குத் தண்ணி காட்டுவது உங்கள் முறை. நெடுந்தூரம் நின்றபடியே வந்த ஆடு, அந்தத் தண்ணீரில் வாய் வைக்கக்கூடத் தெம்பில்லாமல் சரிவதைப் பார்த்துப் பார்த்து நொந்துபோயிருந்தீர்கள். கறியே தொடாத நானும் கறி விற்கும் நீங்களும் சேர்ந்து அரசாங்கத்துக்கு மனு எழுதியது அப்படித்தான். வழியில் லாரியை நிறுத்தி ஆடுமாடுகளுக்குத் தண்ணீர் தர வேண்டும், தராவிட்டால் அபராதம். கேட்டது அம்புட்டுத்தான்.

எத்தனை வாசல் ஏறி இறங்கினோம்! ஒரு சட்டமன்ற உறுப்பினர் விழுந்து விழுந்து சிரித்தார். "கறிக்கடைக்காரரே ஆட்டுக்காகப் பேசுறீங்களா?" நீங்கள் சிரிக்கவில்லை. "கடைசியா என் கைக்குத்தானண்ணே வருது. நான் பேசாம யாரு பேசுவா?" அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுத் துறைக்குப் போன் போட்டார்.

கடைசியில் சென்னைக்குக் கூப்பிட்டு விதியின் வரைவைக் காட்டினார்கள். 'வழியில் இயன்றவரை தண்ணீர் வழங்கப்பட வேண்டும்.' 'இயன்றவரை' நாம் எழுதாத சொல். ஆயுசெல்லாம் இலக்கணம் நடத்தியவள் நான். அந்த ஒரு சொல் விதி முழுவதையும் தின்றுவிடும் என்று தெரிந்துவிட்டது. "ஆட்டுக்குத் தண்ணி காட்டச் சொன்னா, நமக்குல்ல காட்டிட்டாங்க" என்று நீங்கள் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதை எடுக்கச் சொன்னால் எல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றார் அதிகாரி. தொடங்கட்டும் என்று எழுந்துவிட்டேன். நீங்கள் கையமர்த்தினீர்கள்.

"தண்ணிங்கிற சொல்லு உள்ள வந்துருச்சுல்ல, டீச்சரம்மா. முன்னாடி அதுகூடக் கிடையாது. மத்ததை அப்புறம் ரெண்டு பேருமாச் சேந்து வெளிய தள்ளிருவோம், இன்ஷா அல்லா. சம்மதம்னு சொல்லுங்க."

சொன்னேன். திரும்பும் ரயிலில் மதுரை வரைக்கும் உங்களோடு ஒரு வார்த்தை பேசவில்லை. விதி வந்தது. அடுத்த ரம்ஜானுக்குள் நெஞ்சுவலி வந்து நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள்.

சோதனைச் சாவடியில் லாரிக்காரர்களைக் கேட்டால், "இயலலைங்க" என்கிறார்கள். சட்டத்தில் இருக்கும் சொல்லையே சொல்கிறார்கள். யார் என்ன செய்ய முடியும்? ஆனால், இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அலங்காநல்லூர் ரோட்டில் ஒரு டிரைவர் லாரியை ஓரங்கட்டி, வாளி வாளியாக ஆடுகளுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டேன். "சட்டத்துல இருக்காம்லக்கா" என்றார். அந்த ரோட்டோரத்திலேயே நின்று அழுதேன், பாய்.

அன்றைக்கு நீங்கள் செய்தது சரியா, நான் எழுந்தது சரியா, எனக்கு இன்னும் தெரியவில்லை. வருஷம் தவறாமல் அந்த ஒரு சொல்லை நீக்கச் சொல்லி மனுவோடு சென்னைக்குப் போகிறேன். போனமுறை புது அதிகாரி, "ஒரு வார்த்தைக்காகவாம்மா இவ்வளவு தூரம் வர்றீங்க? கூட யாரும் வரலையா?" என்றார். மனுவை அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

ரெண்டு பேருமாகத் தள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் பாதியில் போய்விட்டீர்கள். உங்கள் மேல் எனக்குக் கோபம் ஆறவே இல்லை. அது ஆறிவிட்டால், நானும் வீட்டோடு இருந்துவிடுவேன்.